வேலி போனால் பெயரும் போகும்
தெல்லிப்பழைக் கிராமங்களின் வேலியோரச் செடிகள் பற்றிச் சில குறிப்புகள்

வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழைக்கு வடக்கே, மீளக் கையளிக்கப்பட்ட காணி ஒன்றைத் துப்புரவு செய்யும் சிரமதானத்துக்கு ஒரு நாள் சென்றிருந்தேன். கால் நூற்றாண்டுக்கு மேலாக மனிதர் கால் படாத நிலம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டுமே எஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் பற்றைக்காடு. இளைஞர்கள் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். பெரிய மரங்களைப் புரட்ட பெக்கோ இயந்திரம் ஒன்றும் வந்திருந்தது.

காணியின் சொந்தக்காரியான ஆச்சி ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்தபோது இளம் தாயாக இருந்தவர், பேரப்பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தார். பெக்கோ கிழக்கு எல்லையை நெருங்கியபோது அவர் திடீரென எழுந்து கையைக் காட்டினார்.

"சுவாமி, உதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அதிலை முசுட்டை படர்ந்து கிடக்குது. அது என்ரை மாமி வைச்ச வேலி."

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அங்கே தெரிந்தது ஒரு பற்றை மட்டுமே. ஆச்சியோ கிட்டப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது முசுட்டை, இது குறிஞ்சா, அது மொசுமொசுக்கை, கீழே கிடப்பது முடக்கொத்தான், அந்த மூலையில் நிற்பது பாவட்டை. பட்டுப்போன கிளுவைக் கதியால்களுக்கு நடுவே இரண்டொன்று இன்னும் துளிர்த்து நின்றன. அவற்றைப் பற்றிப் பிடித்துக்கொண்டு அந்தக் கொடிகளும் உயிர் வாழ்ந்திருந்தன.

"என்னாச்சி, இதெல்லாம் சாப்பிடுறதே?" என்று பேரன் கேட்டான். அவனுக்குப் பதினாறு வயது இருக்கும். அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வேலி என்றொரு தோட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு என்று சொல்லத்தக்க நிலம் குறைவு. தெல்லிப்பழைப் பகுதி சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த செம்மண் பூமி. கிணற்று நீரை நம்பிப் புகையிலை, வெங்காயம், மிளகாய், மரவள்ளி என்று துண்டு நிலத்தையும் விடாமல் பயிரிட்ட மக்கள் இவர்கள். அப்படியானால் காட்டுச் செடிகள் எங்கே வளர்ந்தன? இரண்டு இடங்களில். ஒன்று, பயிருக்கு உதவாத கற்பாங்கான கலட்டி நிலம். மற்றையது, காணிக்கும் காணிக்கும் இடையே நின்ற வேலி.

எமது வேலி வெறும் எல்லைக்கோடு அன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மழைக்காலத்தில் நட்டு, அவை வேரூன்றித் தழைத்தபின் இடையிடையே கிடுகோ பனையோலையோ கட்டி எழுப்பிய உயிர்வேலி அது. அதன் குழை ஆட்டுக்கு உணவாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கதியாலின் நிழலில் பறவைகள் எச்சத்தோடு விதை போட்டன. கொடிகளுக்குப் படரக் கொம்பு கிடைத்தது. யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கீரைத் தோட்டமும் ஒரு மருந்துக் கொட்டிலும் அமைந்தன.

அந்தத் தோட்டத்தில் கிடைத்த சிலவற்றை இங்கே சொல்லி வைக்கிறேன்.

முசுட்டை: அகன்ற இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட கொடி. இலையைச் சன்னமாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்தால் முசுட்டை வறை. பிட்டு மாவோடு கலந்து அவிப்பவரும் உண்டு. மாரிகாலத்தில் தளிர் மிகுதியாகக் கிடைக்கும்.

குறிஞ்சா: சிறுகுறிஞ்சா, பெருங்குறிஞ்சா என இரண்டு. கைப்பான இலை. சுண்டலாகவும் கஞ்சியிலும் சேர்ப்பர். சிறுகுறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் இட்டால் மணலைப் போலிருக்கும். சற்று நேரத்துக்கு நாக்கு இனிப்பை உணராது. இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் அந்தச் செடியை அவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

மொசுமொசுக்கை: தொட்டால் சொரசொரப்பான இலை, சிறிய சிவந்த பழம். தடிமன், இருமலுக்கு இலையை அரைத்துச் சாறெடுத்துக் கஞ்சியில் விடுவர். அரிசிமாவோடு பிசைந்து ரொட்டியாகவும் சுடுவர்.

தூதுவளை: முள்ளுள்ள கொடி, ஊதாப் பூ. சளிக்கு இரசமாகவும் துவையலாகவும் பயன்பட்டது.

முடக்கொத்தான்: காற்றடைத்த பை போன்ற காய். கை கால் பிடிப்புக்கு இரசம் வைப்பர்.

பிரண்டை: நாற்பட்டைத் தண்டு. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு நறுக்கி, நன்கு வதக்கி, பழப்புளி சேர்த்தே அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். பசியின்மைக்கு நல்லதென்பர்.

பாவட்டை, நொச்சி, ஆடாதோடை: இவை கறிக்கு அல்ல. பிள்ளை பெற்ற தாய்க்கு நீர் வார்க்கும்போது பாவட்டை, நொச்சி, வேம்பு, ஆமணக்கு முதலிய இலைகளை அவித்த வெந்நீரையே பயன்படுத்தினர். நொச்சி அவித்து ஆவி பிடிப்பது தடிமனுக்கு. ஆடாதோடை இருமல் குடிநீருக்கு.

இவற்றுள் அகப்பட்டதைப் பறித்து, பச்சையரிசி, பயறு, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சியதே எமது இலைக்கஞ்சி. அதற்கென்று எழுதிய அளவு கிடையாது. அன்றைக்கு வேலி எதைத் தந்ததோ அதுவே கஞ்சி.

பெயர்கள் சொல்லும் செய்தி

நாட்டுப்புறத்துப் பெயர்களைச் சற்று உற்று நோக்கினால், அவை வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல என்பது புலனாகும். இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் கீழ்காய்நெல்லி. தமிழகத்தார் கீழாநெல்லி என்பர். எங்கள் வழக்கில் காய் எங்கே இருக்கிறது என்ற விபரமும் பெயரிலேயே கிடக்கிறது. முடக்கத்தைப் போக்குவது முடக்கொத்தான். தமிழகத்தில் அதையே முடக்கறுத்தான் என்பர். தொட்டால் சொரசொரப்பது மொசுமொசுக்கை. ஆடு தொடாத இலை ஆடாதோடை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வர். தோட்டத்தைச் சுற்றி ஆடாதோடையை வேலியாக வைத்ததன் காரணமும் இதுவே. ஆடு மேயாத செடிதானே நல்ல வேலி.

இந்தப் பெயர்களின் பயணம் வியப்பானது. 1670களில் இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்த போல் ஹெர்மன் இங்கிருந்து உலர்த்திய செடிகளைச் சேகரித்துக்கொண்டு போனார். பின்னாளில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அந்தச் சேகரிப்பை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாவரவியலார் உலகெங்கும் வழங்கும் பெயர்களில் 'அதடோடா', 'பவெட்டா' என்பன இன்றும் இருக்கின்றன. எங்கள் ஆடாதோடையும் பாவட்டையும்தான் அவை. முருங்கைக்கு அவர்கள் வைத்த 'மொரிங்கா'வும் எங்கள் சொல்லே. உலகம் ஏற்றுக்கொண்ட பெயரை ஊரில் பிறந்த பிள்ளை அறியாதிருப்பது எத்தகைய விந்தை!

எங்கள் ஊர்ப் பெயர்களிலும் செடியும் நிலமும் கலந்திருக்கின்றன. கருகம்பனையில் பனை நிற்கிறது. கொல்லன்கலட்டியில் கல்நிலம் தெரிகிறது. வறுத்தலைவிளான், வசாவிளான் என்பவற்றில் விளாமரம் இருப்பதாக ஊரார் சொல்வர்.

பெயர் தெரியாமை உயிராபத்தாகவும் முடியும். மாரிகாலத்தில் வேலியில் படர்ந்து, செம்மஞ்சள் தீச்சுடர் போலப் பூக்கும் கார்த்திகைப்பூவை எல்லோரும் அறிவர். பூவில்லாத காலத்தில் அதன் கிழங்கை உணவுக் கிழங்கென்று தவறாக எண்ணி அவித்து உண்டவர்கள் இந்நாட்டில் பலர் நஞ்சேறி இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அவித்தாலும் போகாது. இலையின் நுனி தந்துபோல் சுருண்டிருப்பது அதன் அடையாளம். உண்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மஞ்சள் அலரியின் விதையும், கறுப்புப் பொட்டிட்ட சிவந்த குண்டுமணியும் இவ்வாறே நஞ்சு. "உதைத் தொடாதை" என்று ஆச்சிமார் சொன்னதும் ஓர் அறிவுச் செல்வமே.

ஏட்டில் உள்ளதும் இல்லாததும்

மூலிகை பற்றி எழுதி வைக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. யாழ்ப்பாண மன்னர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகர வைத்தியம் ஆகிய வைத்திய நூல்களை, தெல்லிப்பழைக்கு அயலூரான ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏடுகளிலிருந்து பதிப்பித்தார். 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி செடிகளின் பெயர்களையும் தன்னுள் கொண்டது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் பயிற்றப்படுகிறது. கைதடியில் அதற்கான கல்வியும் வைத்தியசாலையும் உள்ளன. சில்லாலைப் பரியாரிமாரின் புகழை அறியாதார் யார்?

எனினும் பரியாரியின் அறிவு வேறு, ஆச்சியின் அறிவு வேறு. ஏட்டில் குடிநீருக்கும் எண்ணெய்க்கும் சரக்குகளின் நிறை இருக்கும். "இந்த ஒழுங்கையில் மூன்றாவது வேலியில் நிற்கிற முசுட்டைதான் கைக்காது," "மழை விட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு பறி," "தாய்க்குப் பால் வற்றினால் இதைக் கறியில் சேர்" என்ற அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. அது சமையலறையிலும் வேலியோரத்திலும் தாயிடமிருந்து மகளுக்குப் போனது. மகள் அந்த வேலியோரத்தில் நிற்கும்வரை மட்டுமே அது போய்ச் சேரும்.

முகாமில் வேலி இருக்கவில்லை

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு தெற்கே ஓடினார்கள். அவர்கள் ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் அப்பால் வன்னிக்கும் பெயர்ந்தது. பலர் ஒன்றல்ல, பல தடவைகள் இடம்பெயர்ந்தனர். மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் கால் நூற்றாண்டு கழித்த குடும்பங்கள் உண்டு.

பொருளாதாரத் தடை நிலவிய அந்த ஆண்டுகளை எமது தலைமுறை மறக்காது. மருந்து அரிது, மண்ணெண்ணெய் அரிது. ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அப்போது வேலியும் கலட்டியும் எங்களுக்குக் கைகொடுத்தன. முருங்கையிலையும் முசுட்டையும் குறிஞ்சாவும் பசி தணித்தன. நொச்சியும் தூதுவளையும் தடிமனுக்கு ஆறுதல் தந்தன.

ஆனால் முகாமில் பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன? தகரமும் கிடுகும் கொண்ட ஓர் அறை, அடுத்த குடும்பத்துக்கு இடையே ஒரு சேலைத் திரை. அங்கே வேலி இல்லை. வேலி இல்லாததால் காட்டிக் கொடுக்க ஆச்சிக்குச் செடி இல்லை. அறிவு மறக்கப்படவில்லை, கைமாறாமல் நின்றுவிட்டது. மொழி தெரிந்தும் பேச ஆளில்லாதவனைப் போல ஆச்சிமார் அந்தப் பெயர்களை மனத்திலேயே வைத்திருந்தார்கள். பதினாறு வயதுப் பேரனின் கேள்வி அவனுடைய குற்றமன்று என்பதை இதனால்தான் சொல்கிறேன்.

2015 முதல் கூடுதலான காணிகள் படிப்படியாக மக்களிடம் திரும்பின. இன்னமும் திரும்பாத காணிகளும் உண்டு. திரும்பியவர்கள் முதலில் செய்வது எல்லையைத் துப்புரவாக்கி மதில் எழுப்புவது. அதில் தவறு காண முடியாது. எல்லைக் கல் தொலைந்த இடத்தில், அயலவரோடு பிணக்கின்றி வாழ மதில் ஒரு நிச்சயம் தருகிறது. கிடுகு வேய ஆளுமில்லை, கூலியும் அதிகம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் சீமெந்துக் கல்லாகிறது. ஆனால் மதிலில் கொடி படராது. முசுட்டையை யாரும் பகைத்து அழிக்கவில்லை. அது பற்றிப் பிடித்த கதியாலைப் பிடுங்கினோம், அதுவும் போயிற்று.

பெயரில்லாத விருந்தாளி

வெற்று நிலம் வெற்றாக இருப்பதில்லை. பற்றை வெட்டிய இடங்களில் வெள்ளைப் பொட்டுப் பூக்களோடு பாதீனியம் எழுந்து நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பின்னரே வடக்கில் பரவியது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். தோலில் பட்டால் அரிப்பு, மகரந்தம் மூச்சில் சென்றால் இழுப்பு, மாடு தின்றால் பால் கைக்கும். இதற்கு எங்கள் ஆச்சிமாரிடம் பெயரில்லை, கைவைத்தியமும் இல்லை. பூக்குமுன், மண் ஈரமாக உள்ளபோது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி.

களைகொல்லி அடித்தால் இலேசு என்று சிலர் எண்ணுகின்றனர். அது பாதீனியத்தோடு கீழ்காய்நெல்லியையும் சாறணையையும் சேர்த்தே கொல்லும். மேலும் எமது நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விரைவில் கீழே இறங்கும். குடிப்பது அதே கிணற்று நீரை என்பதை மறக்கலாகாது.

ஒரு கண்டிப்பான வார்த்தை

மூலிகையைப் போற்றுவோர் சிலர் வைத்தியசாலையைத் தூற்றுவதைக் கேட்டிருக்கிறேன். இது பெருந்தவறு. கண் மஞ்சளித்தால் செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்துவது எமது பழைய வழக்கம். ஆனால் எலிக்காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளிக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்நோயால் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஆரம்பத்திலேயே நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தால் காப்பாற்றக்கூடிய நோய் அது. வயலில், வெள்ளத்தில் நின்றவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். மாரிகாலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம்.

அவ்வாறே நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் சிறுகுறிஞ்சாவை மருந்தாக மிகுத்து உண்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வைத்தியரிடம் சொல்லியே செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை கறியாக உண்பது உணவு. தினமும் சாறு பிழிந்து குடிப்பது மருந்து. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. வேலியோரச் செடிகளின் முதற்பெருமை அவை மலிவான, சத்தான கீரை என்பதே. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, சந்தையில் மரக்கறி வாங்க வழியற்ற பல வீடுகள் மீண்டும் இலைகளைத் தேடின. தேடியபோது எது எதுவென்று காட்ட ஆள் தேவைப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லாத சில வேலைகளை வாசகர்களின் சிந்தனைக்கு முன்வைக்கிறேன்.

1. மதில் கட்டுவோர் மூன்று பக்கம் கட்டுங்கள். ஒரு பக்கத்தையாவது உயிர்வேலியாக விடுங்கள். முடியாதவர் மதிலின் உட்புறம் நாலைந்து கிளுவைக் கதியால்களையேனும் ஊன்றுங்கள்.

2. ஐப்பசி மழையோடு கதியால் நடுங்கள். தண்டில் முளைப்பவை, விதையில் முளைப்பவை என்று பிரித்து அயலவரோடு பரிமாறுங்கள்.

3. பற்றை வெட்டுமுன் ஊரிலுள்ள ஒரு முதியவரை அழைத்து அரைமணி நேரம் காணியைச் சுற்றி நடத்துங்கள். காக்க வேண்டியவற்றுக்கு ஒரு துணித்துண்டு கட்டிவிட்டால் போதும்.

4. பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். ஊரில் வழங்கும் பெயர், கண்ட இடம், பயன்படும் பகுதி, சமைக்கும் முறை, சொன்னவர், சொன்ன நாள் ஆகியவற்றை எழுதி, ஒரு இலையையும் உலர்த்தி ஒட்டட்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டபடியே எழுதட்டும்; அலங்காரம் வேண்டாம்.

5. நஞ்சுச் செடிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கட்டும்.

6. இலை பறிப்பவர் தளிரைக் கிள்ளட்டும். வேரைப் பிடுங்க வேண்டாம்.

அன்று அந்தக் காணியில் பெக்கோ நிறுத்தப்பட்டது. கிழக்கு வேலியில் ஒரு பகுதி வெட்டாமல் விடப்பட்டது. மதியம் எல்லோரும் கிணற்றடியில் இருந்து சாப்பிட்டபோது, ஆச்சி பேரனைக் கூப்பிட்டு ஒரு முசுட்டை இலையை அவன் கையில் வைத்து மடித்துவிட்டார். "இதைக் கொண்டுபோய் அம்மாவிட்டைக் குடு. பேர் என்னெண்டு கேட்பா. சொல்லு பாப்பம்."

அவன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வெட்கத்தோடு சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.